பதினேழாம் இலக்கக் குதிரை

ஆரூரன் செத்துப்போன கதையை அவனுடைய மனிசி கஜந்தினியே அவனுக்கு வாசித்துக் காட்டினாள். அதுவும் சோறும் போட்டு, மீன் குழம்பும் விட்டு, பக்கத்துக் கதிரையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு.

“கேளுங்கோவன் இதை,” என்றாள். “‘இலக்கம் பதினேழு. மாறன். 2009 தை ஒன்பதாம் திகதி காயக்காரருக்கு மருந்து கொண்டுபோகும் வழியில், தருமபுரம் வீதி மதகடியில், எறிகணை வீச்சில் வீரச்சாவு. அணியின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்.’ பாவம் என்ன? இருபத்தஞ்சு வயசும் இருந்திராது.”

இருபத்திநாலு என்று சொல்ல ஆரூரனின் வாய் தன்பாட்டில் வெளிக்கிட்டது. நல்லகாலம், வாய்க்குள் சோறு இருந்தது.

அந்த மாறன் இவன்தான். இயக்கத்துக்குப் போனால் வீட்டுப் பெயர் போய்விடும், அங்கே வைக்கிற பெயர்தான் பெயர். கஜந்தினிக்கு இது ஒன்றும் தெரியாது. சண்டைக் காலத்தில் வன்னியில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்துகொண்டிருந்தேன் என்று பெண் பார்த்த அன்றைக்குச் சொன்ன பொய்யைப் பதின்மூன்று வருசமாக அப்படியே காப்பாற்றிக்கொண்டு வருகிறான். கொஞ்சநஞ்சப் பொய்யா? அளவுச் சாடியின் அளவு வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறான்.

அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தது ஒரு புத்தகம். ‘குதிரைப்படை: களப்பணி வரலாறு’ என்று தலைப்பு. குதிரை என்றதும் வாளும் கடிவாளமும் நினைக்க வேண்டாம். நாற்பது பழைய மோட்டார் சைக்கிள்கள், அவ்வளவுதான். இயக்கம் வைத்த பெயர் விரைவு ஓட்ட அணி. சனம் வைத்த பெயர் குதிரைப்படை. பெற்றோலுக்குத் தடை இருந்த காலம். இரண்டு சொட்டுப் பெற்றோலை விட்டு உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பின்னால் ஒரு கரும்புகை போகும். காயக்காரர், மருந்து, கடிதம், எல்லாம் அந்தக் குதிரைகளில்தான் போய் வந்தன.

அந்த அணியில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. அவரவர் குதிரை அவரவருக்கு. ஒருத்தனுடைய வண்டியை மற்றவன் தொடக்கூடாது. எண்ணெய்த் தாங்கியில் வெள்ளைப் பூச்சால் இலக்கம் எழுதியிருக்கும், அந்த இலக்கம்தான் ஆளுக்கும். பதினேழுக்குச் சோறு போட்டாச்சோ, இருபத்தொண்டு குளிச்சிட்டானோ என்றுதான் பேச்சு. முகாமை விட்டு ஆள் வெளிக்கிட்டாலும் பதிவேட்டில் இலக்கத்தைத்தான் எழுதுவார்கள்.

அந்தப் பதிவேட்டை எழுதினவர்தான் இப்போது இதே நகரத்து வில்லரேப் பக்கம் இருந்துகொண்டு இந்தப் புத்தகத்தையும் எழுதுகிறார். பிரணவன் என்று பெயர். அந்த வேலைக்கு வர முன்னரே ஒரு காலை இழந்து, தலைமை முகாமின் பதுங்குகுழிக்குள் தொலைத்தொடர்புக் கருவியோடும் கொப்பியோடும் இருந்த மனுசன். ஓட்டக்காரர் பலருடைய முகத்தை அவர் கண்டதே இல்லை. கஜந்தினியின் விரல்கள் தமிழில் காற்றாய்ப் பறக்கும். கோயில் நோட்டீசெல்லாம் அவள் அடித்ததுதான். அதனால் இந்த வேலையும் அவளிடம் வந்தது. ஆரூரனின் சாப்பாட்டு மேசைக்கே வந்து சேர்ந்தது.

“அடுத்ததைக் கேளுங்கோ,” என்றாள் கஜந்தினி. “‘இலக்கம் இருபத்திமூன்று. செழியன். அதே நாள் அணியை விட்டுத் தப்பியோடியவர். இவருடைய மோட்டார் சைக்கிள் முகாமின் மரத்தடியில் மீட்கப்பட்டது.’ ஒரே நாளில பாருங்கோவன். அவன் எங்க, இவன் எங்க!”

ஆரூரன் குழைத்த சோற்றைத் திரும்பவும் தட்டில் வைத்தான். தண்ணியைக் குடித்தான்.

நடந்தது நேர் எதிர். அன்றைய மருந்து ஓட்டம் பதினேழின் முறை. ஆரூரனோ முதல்நாளே முடிவெடுத்துவிட்டான், இனி ஏலாது, ஓடுவது என்று. காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். “நீ படு மச்சான், உன்ர ஓட்டத்தை நான் ஓடுறன்,” என்றான் செழியன். அவனுடைய இருபத்திமூன்றுக்குக் கிளச் கம்பி அறுந்திருந்தது. விதியாவது மண்ணாவது என்று பதினேழில் ஏறிப் போய்விட்டான். அந்தப் புகை அடங்க முந்தியே ஆரூரன் காட்டுக்குள் இறங்கினான். மேற்கே நடந்து, ஓமந்தையில் சனத்தோடு சனமாகி, அகதிமுகாமுக்குள் போய் விழுந்தான். மதகடியில் பதினேழு எரிந்துபோச்சாம், ஆளும் முடிஞ்சுதாம் என்று அங்கேதான் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அது நெஞ்சுக்குள் கிடக்கிறது. ஆனால் எரிந்தவனை ஓடினவன் என்றும், ஓடினவனை வீரன் என்றும் எழுதி வைத்திருப்பார்கள் என்று அவன் ஒருநாளும் நினைக்கவில்லை. வண்டியைப் பார்த்து ஆளை எழுதிவிட்டார்கள். அந்த அணியில் வேறு எப்படி எழுதுவார்கள்?

“இந்த இருபத்திமூண்டு ஆர் தெரியுமே?” கஜந்தினி குரலைத் தாழ்த்தினாள். “எங்கட நிரோஜாவின்ர தமையன்.”

நிரோஜா கஜந்தினியோடு கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள். மூன்று வருசமாக இந்த வீட்டுக்கு வந்து போகிறாள். இவனை வாய் நிறைய அண்ணை என்கிறாள்.

“எழும்பாதேங்கோ, இன்னும் சோறு கிடக்கு,” என்றாள் கஜந்தினி. அவன் எழும்பிக் கையைக் கழுவினான். கழுவின கையையே திரும்பவும் கழுவினான்.

கஜந்தினி வேலையிடத்தில் விசயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், அடுத்தநாள் பின்னேரம் நிரோஜா வந்தாள். சப்பாத்துப் பனியைக்கூடத் தட்டவில்லை. மேலங்கியோடேயே பையைத் திறந்து படம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். அதில், தலையைக் கொஞ்சம் சரித்து, படம் எடுக்கிறவனைப் பார்த்துப் பகிடி விட்டபடி செழியன் நின்றான். வீட்டுப் பெயர் விதுர்சனாம்.

“அக்கா, அந்தச் சொல்லை எடுங்கோ,” என்றாள் கஜந்தினியிடம். “தப்பியோடியவர் எண்டு போடாதேங்கோ. காணாமல் போனவர் எண்டு போடுங்கோ. கீழ என்ர போன் நம்பரையும் போடுங்கோ.”

“பிரணவன் அண்ணையைக் கேக்கோணும் பிள்ளை. அவர் ஒரு கமாவுக்கும் சண்டைக்கு நிப்பார்.”

“அவன் உயிரோடதான் இருக்கிறான் அக்கா. மோட்டார் சைக்கிளை வடிவா மரத்தடியில நிப்பாட்டிப்போட்டுப் போனவன் சாகவே போனவன்? வாழப் போனவன்தான். எங்கயோ வேற பேரில இருக்கிறான். எங்கட ஆக்கள் நாலுபேர் நிக்கிற இடத்துக்கு வர வெக்கப்படுறான். இந்தக் கோதாரி விழுந்த சொல்லுத்தான் அவனைத் துரத்துது.” மூக்கை உறிஞ்சினாள். “மெத்ரோவில ஆரும் தலையைச் சரிச்சுக்கொண்டு நிண்டால் இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிப் போயிருக்கிறன். விசர் எண்டு எனக்கே தெரியும். அப்பாவுக்கு எழுபத்தெட்டு. கதவு தட்டுப்பட்டால் வீட்டில முதல் எழும்புறது அவர்தான்.”

பிறகு படத்தை ஆரூரன் பக்கம் தள்ளினாள். “அண்ணை, நீங்கள் சங்கக்கடையில நிண்டனீங்கள்தானே? எண்ணெய் எடுக்க வந்திருப்பான். கண்டனீங்களோ?”

ஆரூரன் படத்தைப் பார்த்தான். காய்ச்சலா என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தவனின் முகம் அது.

“தெரியேல்லை,” என்றான்.

சொன்ன கையோடு குப்பை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வாறன் என்று எழும்பிவிட்டான். குப்பைப் பை பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

வேலைக்குப் போனாலாவது மறக்கும் என்று பார்த்தால், அதுவும் இல்லை. துறைமுகத்துக் கிழக்குப் பக்கம், கொள்கலன்கள் வந்து இறங்குகிற ஒரு பண்டகசாலையில் அவனுக்கு வேலை. பாரந்தூக்கி வண்டி ஓட்டுவான். பன்னிரண்டு வருசத்தில் ஒரு பெட்டியை இடம் மாற்றி வைத்தவன் இல்லை. அந்த வியாழக்கிழமை மட்டும் மூன்று தரம் மாற்றி வைத்தான். மேற்பார்வையாளர் பேனாட் வந்து “சா வா, ஆரூ?” என்று பிரெஞ்சில் சுகம் கேட்டார். சா வா, சா வா என்று தலையாட்டினான். என்னத்தைச் சா வா? நெஞ்சு ஒரு இடத்தில் இருக்க விடவில்லை. இருந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் நடக்கச் சொல்லும். சாப்பாட்டு நேரத்தில் வேலியோரமாக அங்கும் இங்கும் நடந்தான். ஆற்றுக் காற்று காதைப் பிய்த்தது.

அன்று முழுக்க ஒரு கள்ள யோசனை அவன் மண்டைக்குள் ஓடியது. தன் பெயரை வெளியே விடாமல் பிரணவனைக் கொண்டு இரண்டு வரியையும் மாற்றுவித்தால் என்ன? பயந்தவனுக்கு இப்படித்தான் யோசனை வரும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வில்லரேக்குப் போனான்.

பிரணவன் செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் இருந்தார். கஜந்தினியின் மனுசன் என்று தெரிந்ததும் தேத்தண்ணி ஊற்றினார். எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கே என்று சொல்லவில்லை. ஓட்டக்காரர் அவரோடு ஒருநாளும் கதைத்ததில்லை, முகாம் பொறுப்பாளர்கள்தான் கதைப்பார்கள். அவருக்கு ஆரூரன் ஒரு வெறும் சங்கக்கடைக்காரன்.

“ஒராள் சொன்னவர் அண்ணை,” என்று தொடங்கினான் ஆரூரன். “அண்டைக்குப் பதினேழின்ர வண்டியில போனது இருபத்திமூண்டாம். செத்ததும் அவர்தானாம்.”

“ஆர் சொன்னது?”

“பேர் சொல்ல விருப்பமில்லையாம்.”

பிரணவன் சிரித்தார். “தம்பி, இஞ்ச பாரும். எங்கட அணியில ஒருத்தன்ர குதிரையில மற்றவன் ஏறமாட்டான். ஏறினதெண்டு ஒரு நாள்கூட என்ர பதிவேட்டில இல்லை. ஆள் வந்து முன்னால நிண்டு சொல்லட்டும், நான் இந்தப் புத்தகத்தையே கிழிச்சு எழுதுறன். பேரில்லாதவன்ர கதையைக் கொண்டு ஒரு மாவீரனைப் பட்டியலில இருந்து எடுக்க ஏலாது.”

“இருபத்திமூண்டின்ர தகப்பன் இஞ்சதான் இருக்கிறார் அண்ணை.”

“தெரியும். அதுக்கு நான் என்ன செய்ய?” அவர் முகம் இறுகிப்போனது. புத்தகத்தின் முதல் பக்கத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். பதினேழாம் இலக்க ஓட்டக்காரருக்குக் காணிக்கை என்று இருந்தது. “அந்த ஓட்டத்துக்கு அனுப்பச் சொன்னது நான் தம்பி. வீதி மோசம், பொழுதுபட அனுப்புவம் எண்டு முகாமில இருந்து கேட்டவை. மருந்து அவசரம், இப்பவே அனுப்பு எண்டு சொன்னது நான். பதினேழு வெளிக்கிட்டாச்சு எண்டு என்ர கையால எழுதினனான். அவன்ர முகமும் தெரியாது எனக்கு. அவனுக்குச் செய்ய வேற என்ன இருக்கு, சொல்லும்?”

பதினேழு அவருக்கு எதிரில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தான். நான்தான் அண்ணை என்கிற இரண்டு சொல் வாய்வரைக்கும் வந்தது. வந்து நின்றது. நல்ல தேத்தண்ணி அண்ணை, வாறன் என்று சொல்லிவிட்டு எழும்பினான். பேருந்தில் ஏறாமல் பார்க் எக்ஸில் இருக்கிற வீடு வரைக்கும் சேற்றுப்பனிக்குள் நடந்தே வந்தான். தன்னைத்தானே தூசணத்தால் ஏசிக்கொண்டு வந்தான்.

சனிக்கிழமை காலமை நிரோஜா திரும்பவும் வந்தாள். திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. அடுத்த மாதம் வெளியீட்டு விழா. சொல்லை மாற்ற ஏலாது என்று பிரணவன் அறுதியாகச் சொல்லிவிட்டார் என்பதைக் கஜந்தினி மெல்லமாகச் சொன்னாள்.

“பரவாயில்லை அக்கா,” என்றாள் நிரோஜா. அழவில்லை. முழு இரவும் யோசித்து வந்தவளின் நிதானம் இருந்தது. “நான் வேற வழி வைச்சிருக்கிறன். விழாவுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன். படத்தை அவற்ற கையில குடுத்து மேடையில ஏத்துறன். ரொறொன்ரோ, லண்டன் எல்லா இடத்தாலயும் ஆக்கள் வருவினம்தானே. என்ர மகனை ஆரும் கண்டால் வரச்சொல்லுங்கோ, நான் கோபமில்லை எண்டு சொல்லுங்கோ எண்டு அப்பாவே கேக்கட்டும். அதைக் கேட்டால் அவன் வருவான்.”

ஆரூரன் குசினி வாசலில் நின்றான். எழுபத்தெட்டு வயதுக் கிழவன் படத்தோடு மேடையில் நின்று கெஞ்சப்போகிறான். கதிரையில் இருந்து நானும் பார்க்கப்போகிறேன். அவன் வாசலை விட்டு வெளியே வந்தான்.

“அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ நிரோஜா.”

“ஏன் அண்ணை?”

“அவன் வரமாட்டான்.”

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். இனி வாயை மூட ஏலாது. மூடவும் அவன் விரும்பவில்லை.

“நான் சங்கக்கடையில நிக்கேல்லை. பதினேழு நான்தான். அண்டைக்கு என்ர முறை. காய்ச்சல் எண்டு சொல்லிப் படுத்தனான். செழியன் எனக்காகப் போனவன், என்ர வண்டியில போனவன். மரத்தடியில நிண்டது அவன்ர கிளச் அறுந்த வண்டி. அவன் அதை விட்டுட்டு ஓடேல்லை. ஓடினது நான். அவன் அந்த மதகடியிலயே முடிஞ்சான்.”

கஜந்தினியின் விரல் கணினியில் ஏதோ ஒரு எழுத்தை அழுத்தியபடியே நின்றது. அந்த எழுத்து வரி வரியாய் ஓடிக்கொண்டிருந்தது. “அப்ப நான் ஆரைக் கட்டினனான்?” என்றாள்.

நிரோஜா எழும்பி அவன் முன்னால் வந்தாள். “காய்ச்சல் இருந்ததோ உனக்கு?”

மூன்று வருச அண்ணை ஒரு நொடியில் போனது.

“இல்லை.”

“பொய்யோ?”

“பொய்.”

அடித்தாள். கன்னத்தில் இல்லை, இரண்டு கையாலும் நெஞ்சில். பிறகும் அடித்தாள். அவன் அசையாமல் நின்றான். கஜந்தினி தடுக்க வரவில்லை. கை ஓய்ந்ததும் நிரோஜா நிலத்தில் குந்திவிட்டாள். “நான் படத்தைக் காட்டினனான். தெரியேல்லை எண்டு சொன்னாய். என்ர முகத்தைப் பாத்துச் சொன்னாய்.”

“ஓம்.”

“அவனை எங்க தாட்டவை?”

“அங்கயே புதைச்சவை எண்டுதான் கேள்விப்பட்டனான். நான் காணேல்லை. அதுக்குமேல எனக்குத் தெரியாது.”

அவள் அழுதாள். அந்த மாதிரி அழுகையை இந்த வீட்டுச் சுவர்கள் முன்னர் கேட்டதில்லை. கஜந்தினியும் நிலத்தில் இருந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஆரூரன் நின்ற இடத்திலேயே நின்றான். நெஞ்சு நொந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஐந்து நாளில் முதல் தரமாக அவனுக்கு மூச்சு முழுசாக வந்தது.

“நான் பிரணவன் அண்ணையிட்டை இண்டைக்கே போறன்,” என்றான். “பதினேழு உயிரோட இருக்கிறான், ஓடினவன் அவன்தான் எண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறன். மேடையில ஏறியும் சொல்லுறன். சனம் என்னைக் காறித் துப்பட்டும். உங்கட தமையன்ர பேர் அந்த இடத்தில வரும்.”

நிரோஜா முகத்தைத் துடைத்தாள். கீழ்வீட்டில் யாரோ பிரெஞ்சில் தொலைக்காட்சி பார்த்துச் சிரிப்பது கேட்டது.

“வேண்டாம்,” என்றாள்.

“என்ன?”

“அக்கா, ஒண்டையும் மாத்தாதேங்கோ. தப்பியோடியவர் எண்டே கிடக்கட்டும்.” குரல் அடைத்திருந்தாலும் சொல் தெளிவாக வந்தது. “ஓடினவன் எண்டால் அப்பாவுக்கு ஒரு மகன் இருக்கிறான். எங்கயோ வெக்கப்பட்டுக்கொண்டு இருக்கிறான். அதைப் பறிச்சுப்போட்டு ஒரு வீரனைக் குடுத்தால், அவர் அதை வைச்சு என்ன செய்யிறது? நாளைக்கே போயிடுவார் அக்கா.”

“நிரோஜா, எனக்கு இதை இனியும்...”

“உங்களுக்குப் பாரம் எண்டு தெரியுது அண்ணை,” என்றாள். அந்த அண்ணை திரும்பி வந்ததுதான் அடியை விடக் கூடுதலாக நொந்தது. “இறக்கி வைக்க விருப்பம்தான். மேடையில ஏறி ஒருக்கால் துப்பு வாங்கினால் முடிஞ்சிடும், என்ன? அது ஏலாது. நீங்கள் செத்த ஆளாவே இருங்கோ. அப்பா இருக்கும்வரைக்கும் இருங்கோ.”

ஆரூரன் கஜந்தினியைப் பார்த்தான். அவள் இவனைப் பார்க்கவில்லை.

“வேற ஒண்டும் இருக்கு,” என்றாள் நிரோஜா. “என்ர வீட்டில அவனுக்குப் படம் வைச்சுப் படைக்க ஏலாது எனக்கு. ஆருக்குப் படைக்கிறாய் எண்டு அப்பா கேப்பார். தை ஒன்பதாம் திகதி நீங்கள் எங்கட வீட்டை வாங்கோ. பின்னேரம் இல்லை, மத்தியானம். அவனுக்குப் படைக்கவேண்டியதை நான் சமைச்சு உங்களுக்குப் போடுறன். அப்பாவுக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடுங்கோ. மிச்சம் விடாமல் சாப்பிடோணும்.”

“வருசா வருசமோ?”

“வருசா வருசம்.”

ஓம் என்றான் ஆரூரன். வேறு எதைச் சொல்வது?

அவள் எழும்பி மேலங்கியை மாட்டினாள். சப்பாத்துக்குள் காலை விடும்போது போன் அடித்தது. எடுத்து, தொண்டையைச் செருமி, குரலைச் சரி பண்ணிக்கொண்டு காதில் வைத்தாள்.

“ஓம் அப்பா, கஜந்தினி அக்கா வீட்டதான். இந்தா வெளிக்கிட்டன். சாப்பிட்டீங்களோ? இல்லையப்பா, அந்தச் சொல்லை மாத்த ஏலாதாம். அதை விடுங்கோ. ஓம், கேட்டனான். இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியேல்லையாம். லண்டனில ஆரோ ஒராள் இருக்கிறாராம், அவரையும் கேட்டுப் பாப்பம்.”

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து படியிறங்கிப் போனாள்.